அக்காவின் சாய்ந்த எழுத்துகள்

ஒரு முதியோர் இல்லத்தின் உணவுப் பட்டியல் அச்சடித்த தாள். அதன் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் ஒரே சீன எழுத்து ஏழு தடவை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாலை வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா அதை நீட்டி, "தங்கச்சி, இது 'சோறு' மாதிரி இருக்குதோ? உண்மையைச் சொல்லும்" என்றார். "சோறு மாதிரி இல்லக்கா, சரிஞ்சு விழப்போற குடிசை மாதிரி இருக்கு" என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் என்னிடம் உடனடிப் பதில் இருந்தது.

திருச்சியிலிருந்து கணினி படிக்கத்தான் ஆக்லாந்துக்கு வந்தேன். சீனம் திட்டத்திலேயே இல்லை. ஆனால் நகர மையத்தில் நான் குடியிருந்த கட்டடத்தின் படியிறங்கினால் தெருவில் பாதிப் பலகைகள் சீனத்தில் இருக்கும். நூடுல்ஸ் கடையும் முடிவெட்டும் கடையும் என்னைத் தவிர எல்லோரிடமும் ஏதோ ரகசியம் சொல்வது போலத் தோன்றும். கண்ணெதிரே எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சீன மொழி மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பிறகு குளியலறைக் கண்ணாடியிலும் ஃப்ரிட்ஜ் கதவிலும் எழுத்தட்டைகள்தான். ஒரே ஓசையை நான்கு விதமாக ஏற்றி இறக்கினால் நான்கு வேறு சொற்கள் பிறக்கும் அதிசயத்தில் நான் கிறங்கிக் கிடந்தேன். த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் பகுதிநேர வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தத் தொனிகளை வாய்விட்டுப் பாடுவேன். ஒருநாள் ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். என் அறைத்தோழி ஷாங்காய்ப் பெண். நான் அட்டையோடு வருவதைக் கண்டால் பல் துலக்கிக்கொண்டே கதவைச் சாத்திவிடுவாள்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை முடிந்து சீருடையோடேயே வகுப்புக்கு வருவார். தொனி அவருக்கு வரவே இல்லை. நான்கும் ஒரே பள்ளத்தில் போய் விழும். 'நூலகம் எங்கே இருக்கிறது' என்ற பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கையைத் தூக்கி, நோவுக்கு என்ன எழுத்து, குளிருக்கு என்ன எழுத்து என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

ஓர் இடைவேளையில் அவராகவே காரணம் சொன்னார். அவருடைய இல்லத்தில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். வயது ஏற ஏற அவருக்கு ஆங்கிலம் முழுக்க மறந்துபோனது. காதும் மந்தம். மகன் ஆஸ்திரேலியாவில். சீனம் தெரிந்த ஊழியர் அங்கே ஒருவருமில்லை. தட்டை வைத்தால் மூதாட்டி தள்ளிவிடுவார், எடை வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மாத முடிவுக்குள் நிலைமை மாறாவிட்டால் மருத்துவக் கவனிப்பு அதிகமுள்ள வேறோர் இடத்துக்கு அவரை அனுப்பிவிடுவார்கள்.

"அங்கை போனா அந்த மனிசி எழும்பாது" என்றார் அக்கா. "நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை பிள்ளைப்பேறுக்கு ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். தண்ணி விடாய்க்குது எண்டு சொல்ல ஒரு சொல் தெரியாது. சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தன். அது எனக்கு மறக்காது."

"நான் வர்றேன்க்கா. நான் பேசிப் பாக்குறேன்" என்று குதித்தேன். அக்கா இல்லத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி ஒரு மதிய நேரம் என்னைக் கூட்டிப்போனார்.

ஜன்னலோர நாற்காலியில் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடு ஒரு சிறிய உருவம். முன்னே தட்டில் கோழித்துண்டு, மசித்த உருளைக்கிழங்கு, பூசணி. எதையும் தொட்ட அடையாளம் இல்லை. நான் குனிந்து, அவர் காதருகில், என் வாழ்நாளின் மிகத் துல்லியமான தொனிகளில், "வணக்கம், நான் இந்தியாவிலிருந்து வந்த மாணவி, தயவுசெய்து சாப்பிடுங்கள்" என்றேன். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பது போல அவர் என்னைப் பார்த்தார். இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் ஏதோ முணுமுணுத்தார். அதில் ஓர் ஓசைகூட எனக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவர் தெற்குச் சீனத்துக்காரர், அவர் பேச்சு வேறு. மதுரைக்காரர் ஒருவரிடம் போய்ச் சுத்தமான வங்காளத்தில் உபசரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"எனக்குத் தெரியும். அதுதான் நான் வாயைத் திறக்கிறேல்லை" என்றார் அக்கா, பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தபடி. பேச்சு ஊருக்கு ஊர் வேறானாலும் எழுத்து எல்லோருக்கும் பொது என்று ஆசிரியை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். நான் அதை அழகாகக் குறித்து வைத்தேன். அக்கா அதைக் காதில் வாங்கியிருக்கிறார். 'சோறு', 'சாப்பிடு' என்று தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதி மூதாட்டியின் மடியில் வைத்தார்.

அந்த முகத்தில் அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது? பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல இருந்தது. மூதாட்டி பேனாவை வாங்கினார். அக்காவின் குடிசைக்குப் பக்கத்தில் அதே எழுத்தை, பழைய காலத்து முழு வடிவத்தில், கூடுதல் கோடுகளோடு எழுதினார். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. பிறகு அதன் கீழே இன்னொரு வரி எழுதி அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் இதைத்தான் எழுதுறா" என்றார் அக்கா. "போனிலை காட்டினா அது ஏதோ உளறுது. நான் பாத்தெழுதிக்கொண்டு வந்து காட்ட உமக்கே விளங்கேல்லையே."

"அப்ப நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

"என்னத்தைச் சொல்லுறது? ஓம் அம்மா, ஓம் ஓம் எண்டு தலையாட்டுவன்." ஆட்டியும் காட்டினார். இடமும் வலமுமாக, அத்தனை பிரியத்தோடு, நம் எல்லோருடைய 'சரி'யும் ஆடுகிற அதே ஆட்டம்.

அக்காவின் நகலில் புரியாதது மூதாட்டியின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. நான் அந்த வரியைப் படித்தேன். "நீ சாப்பிட்டாயா?"

அக்காவின் தலை பாதியில் நின்றது. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் நான் சொன்னேன். இந்த ஆட்டம் சீனர்களுக்கு 'இல்லை'; என் அறைத்தோழியும் என் தலையாட்டலைப் பார்த்து 'வேண்டாமா?' என்று வாரம் ஒருமுறை குழம்புவாள். சாப்பிட்டாயா என்று மூதாட்டி தினமும் கேட்டிருக்கிறார். இல்லை என்று அக்கா தினமும் பதில் சொல்லியிருக்கிறார். பசியோடு ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போது தான் மட்டும் சாப்பிட அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"ஐயோ, என்ரை அம்மா" என்றார் அக்கா. "இவ்வளவு நாளும் எனக்காகவோ பட்டினி கிடந்தவ!"

விறுவிறுவென்று வெளியே போனார். ஊழியர்கள் அந்த அறைகளில் உண்ணும் வழக்கம் இல்லை. தன் மதிய இடைவேளையை அங்கே கழிக்க விடும்படி பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பினார். மூதாட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வாய் எடுத்து, தெரியட்டும் என்று நன்றாக மென்று விழுங்கினார். அது தொண்டையில் இறங்கும்வரை மூதாட்டி கண் எடுக்கவில்லை. பிறகு முள்கரண்டியை எடுத்தார். கோழித்துண்டை இரண்டாக்கி, பெரிய பாதியை அக்காவின் புட்டின்மேல் வைத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை.

"அக்கா, வெள்ளிக்கிழமை நீங்க சைவமாச்சே" என்று கிசுகிசுத்தேன்.

"சத்தம் போடாதையும். அவ பாத்துக்கொண்டிருக்கிறா" என்று சொல்லிவிட்டு அதை எடுத்து வாயில் போட்டார். மூதாட்டி தன் பாதியைச் சாப்பிட்டார். அதன்பின் உருளைக்கிழங்கு. அதன்பின் பூசணி. ஒரு தட்டு காலியாவதை மூச்சுப் பிடித்து நின்று பார்த்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

இப்போது நான் நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சீன நண்பர்களோடு அவர்கள் மொழியிலேயே வம்பளக்கிறேன், தெருப் பலகை ஒன்றுகூட என்னிடம் எதையும் மறைப்பதில்லை. படித்தது போதாது என்ற அரிப்பு மட்டும் போகவில்லை. அந்தப் பருவத் தேர்வில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன், அக்கா தேறவில்லை. முடிவு வந்தது அதே மாதக் கடைசியில், ஒரு மதியம். ஆறுதல் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியமாகத் தயார் செய்தும் வைத்திருந்தேன்.

"எடை ஏறியிருக்கு தங்கச்சி. அனுப்பேல்லையாம், இஞ்சையே இருக்கட்டாம்" என்றார் எடுத்தவுடன். தேர்வைப் பற்றி நான் தொடங்குவதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிறகு கதைக்கிறன், வையும். மனிசி கரண்டியைத் தூக்காமல் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறா."