அம்மாவின் லைன்

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் அம்மா பாதி லீடராக இருந்தாள். பாதி லீடர் என்பது அப்பா வைத்த பெயர். ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கத்தை கத்தையாகக் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. பல வருடங்கள் மேஜை முன்னால் நின்று ஒயர் கட்டியவளைத் திடீரென்று கூப்பிட்டு, தீபாவளி வரைக்கும் மூன்றாம் லைனைப் பார்த்துக்கொள் என்றார்கள். எதிரே இருந்த நான்காம் லைனை அதேபோல ஓர் ஆளிடம் கொடுத்திருந்தார்கள். இருவரில் ஒருவருக்குத்தான் லீடர் வேலை நிரந்தரம். மற்றவர் பழையபடி கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் என்றால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிடலாம். வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் அப்படித் திரும்பி வந்தவர்கள் இருந்ததால் இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாவைப் பொறுத்தவரை லீடர் என்றால் தொண்டை. அவர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அங்கே அவருக்குக் கீழே யாரும் கிடையாது. அதனால் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த அதட்டல் மொத்தமும் ஊர் வாலிபால் டீமுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தான் கேப்டன். பந்தை விட்டவனை மட்டுமல்ல, அவனைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டுவார். டீமும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. டிவிக்கு மேலே இருந்த கோப்பைகளைத் துடைப்பது என் வேலை என்பதால், அப்பாவின் வழிதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

நான்காம் லைன் ஆளும் அப்பா மாதிரிதான். அவருடைய லைன் பெண்கள் அவர் காதுபடாமல் அவரை ஹாரன் என்று கூப்பிட்டார்கள். கம்பெனி ஹாலின் கோடியில் ஒரு போர்டு உண்டு. எந்த லைன் எத்தனை கட்டு முடித்தது என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஹாரனின் லைன்தான் முன்னால் போகும். அம்மா இதைச் சாதாரணமாகச் சொல்வாள். அப்பாவுக்கோ சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவுக்கு ட்ரெயினிங் கொடுக்க முடிவு செய்தார். என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டு அத்தையையும் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்குக் கொஞ்சம் பூண்டு கொடுத்தார். நாங்கள்தான் லைன். தம்பி வேண்டுமென்றே மெதுவாக உரிக்க வேண்டும், அம்மா அவனைத் திட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பி தன் பங்கை மிகச் சிறப்பாகச் செய்தான். அம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நகத்த ஒட்ட வெட்டிக்கினு கீறான். அதான் உரிக்க வரல."

"இன்னா பண்ற நீ? வாயத் தொறந்து திட்டு!" என்று அப்பா கத்தினார்.

"வலிக்குதுங்க அவனுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா அவன் பூண்டையும் வாங்கித் தானே உரிக்க ஆரம்பித்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ட்ரெயினிங் அத்தோடு முடிந்தது. அன்றைக்குப் பூண்டுக் குழம்பு நன்றாக இருந்தது.

அம்மாவின் லைனில் ஒரே ஒரு சட்டம்தான். தப்பு நடந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும். ஏன் என்று அம்மா கேட்க மாட்டாள். வந்து பார்ப்பாள், பிரித்துக் கட்டுவாள், போய்விடுவாள். ஒரு ஒயர் இடம் மாறிப் போய், அதன்மேல் டேப் சுற்றிவிட்டால் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாதாம். அதிகம் கை தூக்குவது புதிதாக வந்த ஒரு தென்காசிக்காரப் பெண் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். "கையத் தூக்கினே இருந்தா வேல எப்ப நடக்கும்?" என்பது அப்பாவின் கேள்வி. எனக்கும் அது சரியான கேள்வியாகவே பட்டது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி கடலை கொடுத்த பிறகு, பின்பக்க மைதானத்தில் லைன்களுக்கு இடையே பெண்களுக்கான த்ரோபால் போட்டி. அந்த வருடம் கடைசி ஆட்டம் மூன்றாம் லைனுக்கும் நான்காம் லைனுக்கும் என்று அமைந்துவிட்டது. பெரிய அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயிக்கிற லைனின் லீடருக்குத்தான் வேலை என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். கம்பெனி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நான் அதை முழுசாக நம்பினேன்.

அம்மாவும் ஆடினாள். அப்பா தன்னைத் தானே கோச்சாக நியமித்துக்கொண்டு கோட்டோரம் ஓடி ஓடிக் கத்தினார். "கையி இன்னா வெண்ணெயா? புடி!" அவர் கத்தக் கத்த எங்கள் பக்கம் பந்து விழுந்துகொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் ஹாரனும் கத்திக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் பழகியவர்கள், நின்று பிடித்தார்கள்.

நடுவில் அம்மா மெதுவாக வந்தாள். "ஸ்கோர் எழுத ஆள் இல்லியாம். வாலிபால் தெரிஞ்ச ஆளு வேணுமாம். உங்களத்தான் கேக்குறாங்க" என்றாள். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்தார். ஸ்கோர் எழுதுகிறவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவருக்கே தெரிந்த விதி. அதன்பிறகு அம்மாவின் பெண்கள் ஒருவருக்கொருவர் ஏதோ பேசிக்கொண்டே ஆடி, எல்லோரும் வியக்கும்படி சமமாக வந்துவிட்டார்கள்.

ஆட்டத்தை முடிக்கும் கடைசிப் புள்ளிக்கு எதிர்ப்பக்கத்துப் பந்து வேகமாக வந்தது. தென்காசி அக்கா அதைப் பிடித்துத் திருப்பி எறிந்தாள். அந்தப் பக்கம் யாராலும் தொட முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் பக்கம் பாய்ந்தது கூட்டம். அவள் மட்டும் அசையாமல் நின்று கையைத் தூக்கினாள்.

"எக்கா, பந்து கையில ரெண்டு மட்டம் பட்டுட்டு."

த்ரோபாலில் பந்தை ஒரே பிடியாகப் பிடிக்க வேண்டும், இரண்டு தடவை கையில் பட்டால் தப்பு. நடுவர் அதைப் பார்க்கவில்லை. எதிராளிகளும் பார்க்கவில்லை. பார்க்காததை அவளே சொல்லிவிட்ட பிறகு நடுவர் என்ன செய்வார்? புள்ளி அந்தப் பக்கம் போனது, ஆட்டமும் போனது. தோல்வியைத் தன் கையாலேயே எழுத வேண்டி வந்தது அப்பாவுக்கு. அவள் பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவள் தோளில் கைபோட்டுப் பொரி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வண்டியில் வரும்போது அப்பா வழிநெடுகப் பொருமினார். "உன் வேலைக்கு ஒல வச்சிட்டா அந்தப் பொண்ணு."

"அவ தூக்காம இருந்திருந்தாத்தான் எனக்கு பயம் வந்திருக்கும்" என்றாள் அம்மா. தோற்றவர்கள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கும்போது நான்காம் லைனில் ஒரு விபத்து. ஒயர் முனையில் பித்தளைத் துண்டை வைத்து அழுத்துகிற மெஷினில் ஒரு பெண்ணின் விரல் மாட்டிக்கொண்டது. திட்டு விழும் என்று பயந்து, அவள் யாரிடமும் சொல்லாமல் டேப்பைச் சுற்றி, மேலே கையுறையை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட் முடியும்வரை வேலை செய்திருக்கிறாள். மறுநாள் கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலின் நுனியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. விசாரணை நடந்தது. ஹாரனைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அம்மாவை நிரந்தரமாக்கினார்கள்.

அப்பா சுங்குவார்சத்திரம் போய் லட்டு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். தான் கொடுத்த ட்ரெயினிங் வீண்போகவில்லை என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டும் வந்தார். அம்மா மட்டும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் லட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவள் அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு ஒரு கையாலயே வேல செஞ்சிகினு இருந்துச்சிடி. எதிர்லதான் நின்னுச்சி. நான் பாத்தேன்."

"கேக்க வேண்டியதுதானம்மா?"

"அன்னிக்கி போர்டுல அவங்க எங்களுக்குப் பின்னால இருந்தாங்க. நாம நம்ம வேலையப் பாப்போம்னு இருந்துட்டேன்."

நாங்கள் எல்லோரும் இத்தனை நாள் வேண்டிக்கொண்ட வேலை கிடைத்த அன்றைக்கு, யாரோ ஒரு பெண்ணுக்காக இப்படி அழுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை. வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன்.

"அது உன் லைன் இல்லியேம்மா. நீ இன்னா பண்ணுவ?"

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, அவள் தொடாத லட்டையும் எடுத்துக்கொண்டு நான் தெருவுக்கு விளையாடப் போனேன்.