மூன்றாவது முடிச்சுக்கு ஆள் தேடிப் பினாங்குக்கு

என் தம்பி கார்த்திக்குத் தை மாதம் கல்யாணம். அதற்காக நான் ஐப்பசியில் பினாங்கு போனேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மதுரையில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

எங்கள் பக்கம் தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்பார்கள். கார்த்திக்கு நான் ஒரே அக்கா. முடிச்சுப் போடும்போது கட்டப் பட்டுப்புடவைகூட எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் நம் மாப்பிள்ளைத் துரை வாயைத் திறந்தார்: "மூணாவது முடிச்ச பினாங்கு அக்கா போடணும்க்கா." தூக்கி வளர்த்தவள் நான், முடிச்சுப் போடுவது வேறொருத்தியா என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்தப் பினாங்கு அக்காவின் பெயர் அவனுக்கே தெரியாது. முகமும் தெரியாது.

கொரோனா முதலில் எங்களுக்கு வெளிநாட்டுச் செய்தியாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு நாடாகக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தது. இவ்வளவு பெரிய ஆசியாவில் எங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது இரண்டே ஊர்களைத்தான்: ஒன்று மதுரை, இன்னொன்று பினாங்குக்கு எதிர்க்கரையில் கார்த்தி வேலை செய்த புக்கிட் தெங்கா. 2021 நடுவில் மலேசியா முழுதாக அடைபட்டது. தொழிற்சாலை நின்றது, ஆள் எடுத்த ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டான். ஒரு வாடகை வீட்டில் ஐந்து பையன்கள், அரிசி தீர்ந்துவிட்டது. நானும் அம்மாவும் இங்கே காய்ச்சலில் கிடந்தோம். அவனோ போனில் "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நாள்களில் மலேசியாவில், கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள். கார்த்தி தன் வேட்டியை கேட்டில் கட்டினான். அன்று மத்தியானமே ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து, சாப்பாட்டுப் பையை கேட்டில் மாட்டி, "தம்பி, சாப்பாடு!" என்று கூவினார். கதவு திறக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. பிறகு சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்து கார்த்தி ஊர் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டுக்கும் முகக்கவசத்துக்கும் நடுவில் இரண்டு கண்கள், அவ்வளவுதான் அவன் அந்த அக்காவைப் பார்த்தது.

கடைசியில், யார்தான் அந்த மகராசி, பார்த்துவிடலாம் என்று நானே கிளம்பினேன். பையில் கல்யாணப் பத்திரிகை, குங்குமச் சிமிழ், கொஞ்சம் பொறாமை.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் பேருந்தில் மூன்று வெள்ளிக்கும் குறைவு. அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். வாடகைக் காருக்கு முப்பது கேட்டார்கள், நான் பேருந்தில் போனேன். ஒரு மணி நேரம் ஆனது. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் அறை, ஒரு நாளைக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி. அந்தக் கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை தெரு நெடுகப் போகிறது. மழையிலும் நனையாமல் மார்க்கெட் ஸ்திரீட் முழுக்க நடந்தேன். நடந்து போகிறவனை நினைத்துக் கட்டிய ஊர் என்று அன்றே எனக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் காலை ஃபெரி பிடித்தேன். இரண்டு வெள்ளி, கால் மணி நேரம். கடல்காற்றுக்கே அந்தக் காசு தகும். பட்டர்வொர்த்தில் இறங்கினால் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். கொமுட்டர் ரயிலில் ஒரே நிறுத்தம், புக்கிட் தெங்கா. அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குக் கார் எடுத்தேன், ஏழு வெள்ளி. ஓட்டுநர் செல்வம் நம்மவர், பேச்சில் மட்டும் மலேசியத் தமிழரின் 'லா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்க எதுக்குப் போறீங்கக்கா? எல்லாம் ஃபேக்டரி ஆளுங்க வீடு. டூரிஸ்ட்டு பாக்க ஒண்ணும் இல்லலா."

விஷயத்தைச் சொன்னேன். வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"என் வீட்டு கேட்டுலயும் வெள்ளத் துணி தொங்குச்சுக்கா. கார் ஓடல, சம்பாத்தியம் இல்ல. கட்டவே வெக்கமா இருந்துச்சு. கட்டி அரை மணி நேரம்கூட ஆவல, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அரிசி கொண்டாந்து வச்சிட்டாங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல." இதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

கார்த்தி இருந்த வீட்டில் இப்போது நேப்பாளப் பையன்கள் இருக்கிறார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒரு வயதான சீனர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செல்வம் மலாயில் விசாரித்து எனக்குச் சொன்னார். மோட்டாரில் வந்த அம்மாவைச் சீனருக்கு நன்றாகத் தெரியுமாம். பெயர் மல்லிகா, பக்கத்துத் தாமானில்தான் வீடு, நம் ஊரில் நகர் என்போமே அது. லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை ஒன்றில் வேலை, எந்தக் கடை என்று தெரியாது. நடுவில் சில நாள் அவர் வராதபோது, பையன்கள் பாவம் என்று தானே ரொட்டியும் முட்டையும் கேட்டில் மாட்டினாராம். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கை எடுத்துக் கும்பிட்டேன். அவரும் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

நான் தேடி வந்த ஆள், நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறார்! திரும்பவும் ரயில், திரும்பவும் ஃபெரி. புடவைக் கடைக்குள் போய் "இங்கே மல்லிகா இருக்கிறாரா" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வர எந்தத் தமிழச்சியால் முடியும்? மூன்று கடை ஏறியதில் இரண்டு புடவை வாங்கிவிட்டேன். நாலாவது கடையில் துணியை முழம் போட்டுக்கொண்டிருந்த ஒல்லியான அம்மா நிமிர்ந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"மல்லிகா நாந்தாம்மா. என்ன பாக்குறீங்க, காட்டனா, பட்டா?"

கார்த்தியைப் பற்றிச் சொன்னேன். வேட்டி கட்டிய கேட், ஐந்து பையன்கள், எல்லாம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"எந்தத் தம்பிம்மா? அப்ப நெறைய கேட்டு இருந்துச்சு. ஞாபகம் இல்லியே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இவன் முடிச்சையே தூக்கிக் கொடுக்கிறான், அந்த அம்மாவுக்கு இவன் யாரென்றே தெரியவில்லை. அடுத்த நிமிடமே எனக்கு உறைத்தது. யாரென்று தெரியாமலேயே ஒரு மாதம் சோறு போட்டிருக்கிறார். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி எத்தனை வடை தின்றான் என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் நான்.

மத்தியான இடைவேளையில் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக் குடித்தோம். "நான் ஒருத்தி மட்டும் இல்லம்மா. கோயில்ல அரிசி கொடுத்தாங்க, சந்தையில காய்கறி கொடுத்தாங்க. நான் ஆக்குவேன், வீட்டுக்காரரு பொட்டலம் கட்டுவாரு. நான் மோட்டர எடுத்துட்டுப் போயிருவேன்," என்றார். நான் கார்த்தியைப் போனில் கூப்பிட்டு, அவருக்கும் கேட்கிறாற்போல் மேசையில் வைத்தேன்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்றார் அவர்.

"அக்கா" என்றான் கார்த்தி. முப்பத்திரண்டு வயது ஆம்பளை அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதான்.

"அழுவாத தம்பி. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நடுவுல பத்து நாளு நான் வரல. அப்ப பட்டினியா கெடந்தீங்களா?"

"இல்லக்கா. எதிர்வீட்டு அங்கிள் ரொட்டி, முட்டை எல்லாம் வச்சாரு."

"முருகா," என்று அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "இத்தன வருசமா மனச அறுத்துச்சு தம்பி. அந்தப் புள்ளைங்க என்ன ஆனாங்களோன்னு. யாருகிட்டப் போயி கேப்பேன்?"

ஆக, கார்த்தியை அவர் மறந்திருந்தார். சோறு கொண்டுபோகாத பத்து நாளை மட்டும் மறக்கவில்லை. அந்தப் பத்து நாள் என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன். கணவருக்கும் அவருக்கும் தொற்று வந்திருக்கிறது. "அவர ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்ப கைய ஆட்டுனாரும்மா. அப்புறம் நான் பாக்கவே இல்ல. என்னைய வீட்டோட அடச்சு வச்சிருந்தாங்க. வெளிய விட்ட அன்னிக்கே அடுப்பப் பத்த வச்சேன். சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும்லா." இதைச் சொல்லிவிட்டு என் கிளாஸில் படிந்திருந்த பாலாடையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

பத்திரிகையை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். குங்குமச் சிமிழைத் திறந்ததும் கையை இழுத்துக்கொண்டார். போனில் கார்த்தி முடிச்சு விஷயத்தைச் சொன்னான்.

"வேணாம் தம்பி. அதெல்லாம் சுமங்கலி போடுறது. நான் வரேன், பின்னால உக்காந்து பாத்துக்கிறேன்."

இரண்டு நாள் முன்பு இதைக் கேட்டிருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பேன். இப்போதோ கோபம் தலைக்கேறியது. "நீங்க மூணாவது முடிச்சு போடலன்னா ரெண்டாவத நானும் போட மாட்டேன்," என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் சிரித்தார். "ஒங்க அம்மா இருக்காங்கல்ல? அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அப்பா போன பிறகு எங்கள் அம்மா எந்தக் கல்யாண மேடையும் ஏறியதில்லை. என் கல்யாணத்திலேயே தூணோரம்தான் நின்றாள். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. அவளிடம் போய் இதை எப்படிக் கேட்பது?

எப்படிக் கேட்பது என்று அன்று சாயங்காலம் கடற்கரையில் நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்களுக்குச் சில தகவல்கள். நான் போனபோது இந்தியர்களுக்கு விசா வேண்டியிருக்கவில்லை, வருகை அட்டையை மட்டும் இணையத்தில் முன்கூட்டியே நிரப்பினேன். கிளம்பும் முன் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் பினாங்கில் மழை, குடை அவசியம். ஜார்ஜ் டவுனுக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. பணத்தை விமான நிலையத்தில் மாற்றாமல் லிட்டில் இந்தியாவில் மாற்றுங்கள், எனக்கு அங்கே நல்ல விலை கிடைத்தது. சுவர் ஓவியங்களைப் பார்க்க ஒரு நாள் போதும். எதிர்க்கரைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பார்கள், நம்பாதீர்கள். ஒரு கொள்ளைநோய் கண்டம் முழுக்கக் கதவைச் சாத்த வைத்தபோது கேட்டுக்குக் கேட்டு சோறு மாட்டிய மனிதர்கள் அந்தச் சாதாரணத் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

ஒருவழியாக அம்மாவுக்குப் போன் போட்டேன். பத்து நாள், ஆம்புலன்ஸ், குங்குமச் சிமிழ், ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"அந்த மல்லிகா எப்படி இருப்பா? குண்டா, ஒல்லியா?" என்றாள் அம்மா.

"ஒல்லிம்மா. எதுக்கு?"

"நாத்தனாருக்கு எடுத்துக் குடுக்குற பட்டுக்கு ரவிக்க தைக்க வேணாமா? வரும்போது அளவு ஜாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வந்துரு."