பப்பில் கிடைத்த கதிரை

பாரிஸின் லா சப்பலில் நான் மதியம் சாப்பிடும் கடை முதலாளிக்கு நெற்றி நிறையச் சந்தனம். கதைக்கும்போது மேசை துடைத்துக்கொண்டே இருப்பார். அன்று, இங்கிலாந்துக் கிராமத்துப் பப் ஒன்றில் தங்கிவந்த கதை.

“மழையிலை நனைஞ்சு போனம் அண்ணை. பப்காரன் எழும்பி, நெருப்புக்குப் பக்கத்திலை தன்ரை கதிரையைத் தந்தவன். சாப்பாடு தந்து, மேலை படுக்க அறையும் தந்தவன். மனுசரெண்டால் அவங்கள்தான்.”

அவருக்குப் பின்னால், கடையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் அம்மா நின்றபடி சோறு தின்றுகொண்டிருந்தார். என் மேசையைத் தவிர மற்றவையெல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

“அவவை இருந்து சாப்பிடச் சொல்லுங்கோவன்,” என்றேன்.

“வேலை செய்யிற ஆக்கள் இஞ்சை கதிரையிலை இருக்கிறேல்லை. சனம் பாத்தால் என்ன நினைக்கும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து என் கதிரையை அந்த அம்மாவிடம் இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை, முதலாளியைப் பார்த்தார். முதலாளியோ, நான் பாதி சாப்பிட்ட சோற்றுக் கோப்பையை எடுத்துவிட்டு, என் மேசையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.