அப்பா பதிவு செய்யாத கேள்வி

அந்த ஒலிநாடாவில் முதலில் கேட்பது என் குரல்தான். பதினாறு வயதின் வேண்டாவெறுப்பு அப்படியே பதிந்திருக்கிறது. சட்டங்களை இயற்றுவது யார் என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன். பிறகு அப்பா: "காங்கிரஸ். அக்கா, அதிலை ரெண்டு சபை. ஒண்டு செனட், மற்றது பிரதிநிதிகள் சபை." பின்னால், எங்கள் வீட்டுக்கு முன் சான்ட்ரிங்ஹாம் வீதியில், பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது.

மாமி, அப்பாவின் அக்கா, அமெரிக்காவில் மகளோடு இருந்தார். அங்கே குடியுரிமை கிடைத்தால், சண்டை நடந்த காலத்தில் கொழும்பில் லொட்ஜ் அறையில் அடைந்து கிடந்த சின்ன மகனைக் கெதியாகக் கூப்பிடலாம். அதற்கு நேர்காணலில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவைக் கண்ணாலும் காணாத அப்பா, நாங்கள் குடியேறியிருந்த வேறொரு நாட்டில், நியூ லின் கடையில் வேலை முடிந்து வந்து, வீட்டோ அதிகாரம் என்றால் என்ன, உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்று, மாமிக்கு அனுப்பும் நாடாவுக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காமல் வாசி. அங்கை ஒரு பெடியன்ரை உயிர் கிடக்கு" என்றார்.

மாமியின் மகள் அனுப்பிய தாளில் கடைசிக் கேள்வி: சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா? நான் வாசித்ததும் அப்பா பதிவை டக்கென்று நிறுத்தினார். மாமியின் மூத்த மகன் இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராதவன். "இதை விடு பிள்ளை. அக்கா தாங்கமாட்டா. வயசுபோன மனிசியிட்டை உதெல்லாம் கேக்கமாட்டாங்கள்." நாடாவைப் பின்னால் சுற்றி, அதன்மேல் வேறொரு கேள்வியைப் பதிந்தோம். "யெஸ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று மாமிக்குச் சொல்லிவைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. டிவி பார்க்கும் அவசரம் எனக்கு.

நேர்காணலில் அதையும் கேட்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்ன மாமி, அதற்கு மட்டும் "நோ" என்றார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தொலைபேசியில் அப்பா தன் பிழையைச் சொல்லி அழுதார். மாமியின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது: "நீ சொல்லித் தந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பன் தம்பி. மூத்தவன் படலையைத் திறந்துகொண்டு போகேக்கை, வேண்டாம் எண்டு ஒரு சொல்லு நான் சொல்லேல்லை." சின்னவன் மேலும் மூன்று வருடம் அந்த லொட்ஜில் இருந்தான். இரண்டு முறை பொலிஸ் பிடித்துக்கொண்டு போய், அடித்துப் பிறகு விட்டார்கள். மாமி சொன்னதை அப்பா கடைசிவரை நம்பவில்லை. நானும் நம்பினேனா என்று தெரியவில்லை. மாமி மீது எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது.

இப்போது அப்பாவும் இல்லை, மாமியும் இல்லை. மாமியின் மகள் திருப்பி அனுப்பிய நாடாவை ஓடவிட்டால் முடிவில் அந்த டக் சத்தம் கேட்கிறது. அமெரிக்கக் கொடியில் எத்தனை நட்சத்திரங்கள் என்று அவசர அவசரமாகக் கேட்கிறேன்.

"ஐம்பது" என்கிறார் அப்பா. "பயப்பிடாதேங்கோ அக்கா. இவ்வளவுதான் கேப்பாங்கள்."