அங்கம்மாளின் சிவப்புக் கொடி

புதன்சந்தைக்குத் தெற்கே, நாமக்கல் ரோட்டில் புதிதாக ஜல்லி பரப்பி இறுக்கிக்கொண்டிருந்த வருஷம் 1936. கல் உடைக்கையில் சில்லு தெறித்து அங்கம்மாளுக்கு வலது கண் போய்விட்டது. இனிச் சுத்தியல் வேண்டாம் என்று மேஸ்திரி சென்றாயன் அவள் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து, வேலை நடக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார்.

"ஏனுங்க மேஸ்திரி, இதக் காட்டுனா மோட்டாரு நிக்குமுங்களா?"

"சர்க்கார் கொடி. நிக்காம எங்க போவான்?"

மாட்டு வண்டிகள் நின்றன. சைக்கிள்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒடித்துத் திருப்பிப் போனார்கள். பஸ்கள்தான் நிற்கவேயில்லை. அந்த ரோட்டில் இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஓடின. முன்னால் போகிற பஸ்ஸுக்குத்தான் வழியில் ஆள் ஏறும். அதனால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். அங்கம்மாள் கொடியோடு ரோட்டோரப் பள்ளத்தில் குதித்துத் தப்பிப்பாள்.

"யாராச்சும் அடிபட்டுப் போயிருவாங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் ஓவர்சியரிடம் சொன்னார். ஓவர்சியர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரு சந்தை நாளில், அவளோடு வேலை செய்த அத்தாயி ஜல்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். கூடையின் பாரத்தில் தலையைத் திருப்ப முடியாது. இரண்டு பஸ்கள் புழுதி கிளப்பி வந்தன. அங்கம்மாள் கொடியை ஆட்டினாள், கத்தினாள். முதல் பஸ் அத்தாயியைத் தூக்கி எறிந்தது. அங்கம்மாள் ஓடிப்போய் மடியில் எடுத்தபோது உயிர் இல்லை.

கேஸ் நடந்தது. முதல் பஸ்ஸின் டிரைவர் கந்தவேலின் வக்கீல் அங்கம்மாளைக் கேட்டார்:

"பஸ் உன் வலது பக்கமிருந்து வந்தது. இல்லாத கண்ணால் எப்படிப் பார்த்தாய்?"

"கழுத்தத் திருப்பித்தானுங்க பாத்தேன்."

கோர்ட்டில் சிரித்தார்கள். கொடியை அவள் நேரத்துக்குக் காட்டவில்லை என்று முடிவாகி, கந்தவேல் விடுதலையானான்.

வெளியே வேப்பமரத்தடியில் அவனே அவளிடம் வந்தான்.

"கொடியப் பாத்தேனுங்க. நிறுத்தியிருந்தா பின்னால வந்தவன் முந்தியிருப்பான். முந்த உட்டா மொதலாளி வேலைய உட்டுத் தூக்கிருவாரு."

"இத உள்ளார சொல்லியிருக்கலாமில்ல சாமி?"



அதன்பிறகு சில நாள் அவளைக் கண்டதும் கந்தவேல் பஸ்ஸை மெதுவாக்கினான். உள்ளே இருந்தவர்கள், "எருமையாப்பா ஓட்டற? அவன் போயிட்டான் பாரு" என்று ஏசினார்கள். பிறகு அவனும் பழையபடி ஓட்டினான்.

"வேற வேல குடுங்க" என்று அங்கம்மாள் மேஸ்திரியிடம் கெஞ்சினாள்.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டு வேற என்னத்தச் செய்வ?"

அதற்குப் பிறகு பஸ் சத்தம் கேட்டால் அவள் ரோட்டைப் பார்த்துக் கொடி காட்டுவதில்லை. கூடை சுமக்கும் பெண்கள் பக்கம் திரும்பி, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க!" என்று அலறினாள். எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். வேலை ஓடவில்லை என்று மேஸ்திரி திட்டினார். அடுத்த பஸ்ஸுக்கும் அவள் அலறினாள்.

மழைக்கு முன்னால் அந்த இடத்தில் வேலை முடிந்தது. மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் பஸ்கள் இன்னும் வேகமாகப் பறந்தன. அங்கம்மாளைக் கொடியோடு அடுத்த மைலுக்கு அனுப்பினார்கள்.