வெள்ளிக்கிழமைக்குள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நான் வேலை செய்தபோது, அங்கே நோட்டீஸ் எழுதும் ஆபீசர் ஒருவர் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பாக்கெட்டில் சிவப்புப் பேனா. 'க்குள்' என்று சொல்லமாட்டார், இங்கிலீஷில் 'பை' என்பார். "பாதுகாப்பு ஷூ பை ஃபிரைடே வழங்கப்படும்" என்று எழுதி, 'பை'க்கு மட்டும் சிவப்பில் அடிக்கோடு போட்டுப் பலகையில் குத்துவார். வெள்ளிக்கிழமை வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, அடுத்த வெள்ளிக்குப் புது நோட்டீஸ்.

என் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து, தரையின் சூடு உள்ளங்காலில் ஏறிய அன்று நேராகவே கேட்டேன்.

"இன்னா சார், நாங்க பை எய்ட் வரணும்னு கேட்ல எழுதிக்கீறீங்க. ஒரு நிமிஷம் லேட்டானா அரை நாள் கட். இந்த ஃபிரைடே மட்டும் வரவே மாட்டேங்குதே?"

"அது தொழிலாளிக்கு எழுதுன பை. இது கம்பெனி சொல்ற பை," என்றார், சிரிக்காமல்.

"ரெண்டும் ஒரே இங்கிலீஷ்தானே சார்?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேஜாரு பண்ணாதபா. என்னைப் பர்மனென்ட் பண்றது பை மார்ச்னாங்க. மூணு மார்ச் போயிடுச்சு. நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் புது நோட்டீஸோடு வந்தபோது, குண்டூசியை நானே எடுத்துக் கொடுத்தேன்.