கடைசித் தண்ணியும் பூநகரி ஆட்டமும்

ஐம்பதுகளின் கடைசி. ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியாமலிருப்பது என்னை இன்னும் உறுத்துகிறது. நாள் குறித்து வைக்கும் பழக்கம் அப்போது எனக்கு வந்திருக்கவில்லை. மாதம் ஆடி என்பதில் மட்டும் சந்தேகமில்லை. சிறுபோக நெல் பால் பிடித்து நின்றது. சோளகக் காற்று ஓயாமல் அடித்தது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது.

எங்கள் குடியேற்றத்தில் ஓர் உதைபந்தாட்டக் குழு இருந்தது. தோற்பதற்கென்றே கூடிய குழு என்று சொல்லலாம். பூநகரிக்கு விளையாடப் போனால் கோட்டருகே நிற்பவர்கள், "கொலனிக்காரருக்குப் பந்து வேண்டாம், மண்வெட்டியைக் குடுங்கோ!" என்று கத்துவார்கள். அதில் பாதி உண்மை. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை வருகிற பின்னேரம் எவனும் பயிற்சிக்கு வரமாட்டான். வந்த ஏழெட்டுப் பேர் கொஞ்ச நேரம் உதைத்துவிட்டுக் கலைவோம்.

இதை மாற்றியவர் எங்கள் தலைவர். வடமராட்சியிலிருந்து வந்து இங்கே காணி எடுத்தவர். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணை. அவருடைய வயல் வாய்க்காலின் கடைசிக் காணி. மேலே உள்ளவர்கள் தங்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பும் மடையை அடைத்தால்தான் அங்கே தண்ணீர் எட்டும்.

ஆட்டத்தில் பிழை விட்டவனை ஒருவரும் ஏசக்கூடாது, அடுத்த பந்து அவனுக்கே போகவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். அதைவிடப் பெரிது மற்றது. முறை வந்தவன் மைதானத்துக்கு வருவான். அவனுக்காக இன்னொருவனோ, இன்னொருவனின் தம்பியோ தகப்பனோ மண்வெட்டியோடு மடைக்குப் போவார்கள். கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. ஒருமுறை நான் பொறுக்காமல், "நாளைக்கு என்ரை வயலுக்கு ஆர் போறியள்?" என்று கேட்டுவிட்டேன். அண்ணை பந்தைக் காலடியில் நிறுத்தினார்.

"ஏன்ரா, கலியாண வீட்டுக்கே ஆள் பிடிக்கிறாய்? ஆரோ போவினம். நீ ஓடு."

மறுநாள் பயிற்சி முடிந்து போய்ப் பார்த்தால் வயலில் தண்ணீர் நின்றது. விட்டது யாரென்று எனக்குத் தெரியாது.

வெல்லும் மனத்தை எப்படி வளர்ப்பது என்று பின்னாளில் எத்தனையோ புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். எங்களுக்கு அது வயலிலிருந்து வந்தது. தன் பயிர் நனையும் என்று நம்பி ஓடுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கவும் தயங்குவதில்லை. அந்தப் பருவத்தில் ஒவ்வொரு குழுவாக வென்றோம். இறுதியாட்டத்துக்குப் பூநகரிக்கே போகவேண்டி வந்தது.

அண்ணையின் காணிக்குப் போகத்தின் கடைசித் தண்ணி வருவதும் அதே நாள்தான். அதன் பிறகு குளத்துக் கதவை மூடிவிடுவார்கள். அந்தத் தண்ணி கிடைக்காவிட்டால் பால் பிடித்த நெல் மணி வைக்காது. அவருடைய மனைவி பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போயிருந்தார். வயலில் வேறு ஆளில்லை. இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காலையில் லொறி வந்தது. இறுதியாட்டம் என்பதால் தகப்பன்மாரும் தம்பிமாரும் இடித்து நெருக்கி ஏறிக்கொண்டார்கள். குடியேற்றத்து இளசுகள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் நின்றதாக நினைவு.

முதற்பாதியில் எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் காற்றைக் கணக்கெடுக்காமல் பந்தைத் தவறவிட, ஒரு கோல் விழுந்தது. ஒருவரும் அவனைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அண்ணை அடுத்த பந்தை அவனுக்கே தட்டிவிட்டார். பிற்பாதியில் சோளகம் எங்கள் முதுகுக்கு வந்தது. இரண்டு கோல் போட்டுக் கோப்பையை வென்றோம். மண்வெட்டிப் பகிடி விட்டவர்கள் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பும் லொறியில் பரந்தன் வரும்வரை பாட்டும் கூத்தும்தான். பிறகு எங்கள் கோல்காப்பாளன் சும்மா கேட்டான்:

"அண்ணையின்ரை மடைக்கு இண்டைக்கு ஆர் போனது?"

"உன்ரை கொப்பர்தானே?" என்றான் ஒருவன், கோல்காப்பாளனின் தகப்பனை நினைத்து.

"அப்பு இஞ்சை நிக்கிறார், உன்ரை காலை மிதிச்சுக்கொண்டு."

சிரித்தார்கள்.

"அப்ப உன்ரை தம்பி?"

"அவன் அந்தா, கோப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு."

இந்தமுறை சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தோம். போயிருக்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் லொறிக்குள் இருந்தார்கள்.

"சரி, விடுங்கோ. பாப்பம்," என்றார் அண்ணை. முன்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வாய்க்காலுக்குப் போகையில் பொழுது மங்கிவிட்டது. கடைசிக் காணி வெடித்துக் கிடந்தது. மேற்காணிக்காரர், வயதான மனிதர், கரையில் நின்றார்.

"உங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. ஆரும் வருவினமெண்டு பாத்துப் பாத்து, கடைசியிலை என்ரை வயலுக்குத் திருப்பினன். தம்பி, நேற்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே அடைச்சு விட்டிருப்பனே."

"ஓம்," என்றார் அண்ணை.

ஆவணியில் நாங்கள் அரிவாளோடு அவருடைய வயலுக்குப் போனோம். அத்தனையும் பதர். அவர் அதற்குள் மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார். எங்கள் வயல்களிலிருந்து ஆளுக்கொரு சாக்கு நெல் தருவதென்று பேசிப் போனோம். வாசலில் வைத்தே மறுத்துவிட்டார்.

அடுத்த போகத்தில் ஒவ்வொருவனும் தன் தண்ணிக்குத் தானே போனான். வேறு ஒருவனை நம்பிப் பயிற்சிக்கு வர எவனுக்கும் மனம் வரவில்லை. மைதானத்தில் புல் ஏறியது.

மாரியில் ஒருநாள் சங்கக்கடையில் பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்கு நின்றவர்களில் அண்ணையைக் கண்டேன். தோளில் கைக்குழந்தை. நெல் விளைவிக்கிறவர் அரிசிப் பையோடு நிற்பதைப் பார்க்க முடியாமல் நான் ஒதுங்கப் போனேன். அவரே கூப்பிட்டார்.

"இந்தமுறை ஆரோடை ஆட்டம்?"

"ஆள் சேரேல்லை, அண்ணை."

குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வரிசையில் ஓர் அடி முன்னே போனார்.